புதுக் காமிராவுடன் பழவேற்காட்டில் ஒரு நாள்

புதிதாக ஒரு காமிரா கைக்கு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? வீட்டில் உள்ளவர்களை வரிசையாக நிறுத்தி ஒரு படம். வாசல் வேப்பமரம் ஒரு படம். பூனைக்குட்டி ஒரு படம். அத்துடன் ஆர்வம் தணிந்துவிடுகிறது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள் மட்டுமே விழுந்த காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் காசு கணக்குப் பார்த்தார்கள். இன்று கைபேசிக்குள்ளேயே காமிரா வந்துவிட்டது. ஆயிரம் படம் எடுத்தாலும் செலவில்லை. ஆனால் அந்த ஆயிரத்தில், பத்து ஆண்டுகள் கழித்தும் ஒருவருக்குப் பயன்படக்கூடியவை எத்தனை?

காமிரா வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. வெப்பமானி வெப்பத்தை அளக்கிறது. தராசு எடையை அளக்கிறது. காமிராவோ ஓர் இடத்தில் ஒரு கணத்தில் விழுந்த ஒளி முழுவதையும் பதிவு செய்து வைக்கிறது. ஆகவே அதுவும் ஓர் அளவுகருவியே. அதைப் பயன்படுத்தத் தெரிந்தால், நீங்கள் எடுக்கும் ஒரு சாதாரணப் படம் ஓர் ஊரின் பிழைப்பைப் பற்றிய சான்றாகவும் ஆகலாம். இதைக் கற்றுக்கொள்ளப் பழவேற்காட்டை விடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. வாருங்கள், ஒரு நாள் முழுவதும் அங்கே சுற்றி வருவோம்.

ஏரியா, கடலா?

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. பொன்னேரி வரை ரயிலிலும், அங்கிருந்து பேருந்திலும் போகலாம். ஊரார் இதை 'ஏரி' என்றே சொல்கிறார்கள். ஆனால் இது நம் ஊர்ப்புறங்களில் மழைநீரைத் தேக்கும் ஏரி போன்றதன்று. கடலும் ஆறும் கலக்கும் உப்பங்கழி இது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். சராசரி ஆழமோ ஒரு மீட்டர் அளவுதான்! பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்கோடி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. இந்திய உப்பங்கழிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரியது இதுவே.

கடலுக்கும் இந்தக் கழிக்கும் இடையே நீண்ட மணல் தீவுகள் காவல் சுவர்போல் கிடக்கின்றன. வடக்கே இருப்பது ராக்கெட் தளத்தால் புகழ்பெற்ற ஸ்ரீஹரிகோட்டா. தெற்கே இருப்பது காட்டுப்பள்ளித் தீவு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வாசல்தான் முகத்துவாரம். தெற்கிலிருந்து ஆரணியாறும், வடமேற்கிலிருந்து காளாங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. மழைக்காலத்தில் கழிநீரின் உப்பு வெகுவாகக் குறைகிறது. கோடையில் நீர் ஆவியாகிச் சில இடங்களில் கடல்நீரை விடவும் கரிப்பு மிகுந்துவிடுகிறது.

இந்த மணல் தீவுகளிலும் கழியின் கரைகளிலும் மீனவர் குப்பங்கள் பல உள்ளன. லைட்ஹவுஸ் குப்பம் போன்ற கடலோரக் குப்பங்களுக்கு இப்போது பாலத்தின் வழியே போகலாம். படகுச் சவாரிக்கு ஆசைப்பட வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அதன் பின்னர் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. நாம் பார்க்க வேண்டியவை அனைத்தையும் கால்நடையாகவே பார்த்துவிடலாம். ஜனவரி அல்லது பிப்ரவரி மாதம் ஏற்றது. மழை ஓய்ந்திருக்கும், வலசை வந்த பறவைகளும் இருக்கும்.

விடியற்காலை: ஏமாறும் மீட்டர்

சூரியன் கடலிலிருந்து எழும் நேரத்தில் கடலோரக் குப்பத்தின் மணலில் நிற்கிறோம். வானம் செம்மஞ்சளாக இருக்கிறது. காரணம் எளியது. உச்சி வேளையை விடக் காலையில் ஒளி காற்று மண்டலத்தில் மிக நீண்ட தொலைவு சாய்வாக வருகிறது. வழியில் நீல ஒளி நாற்புறமும் சிதறிப் போக, சிவப்பும் மஞ்சளும் மிஞ்சி நம்மை வந்தடைகின்றன.

கடலுக்குப் போன படகுகள் திரும்புகின்றன. அவற்றைச் சூரியனுக்கு எதிராகப் படமெடுத்தால் படகும் ஆட்களும் கரிய நிழலுருவங்களாக விழுவார்கள். அழகான படந்தான். ஆனால் வலையில் என்ன மீன் இருக்கிறது, படகில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஒன்றும் தெரியாது. அதே இடத்தில் நின்று கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். கரையில் வலையை உதறும் கைகள், ஏலத்துக்குக் குவித்த மீன், கூடையுடன் காத்திருக்கும் பெண்கள் யாவும் துலக்கமாகத் தெரியும். ஒளி எப்பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பதே புகைப்படக் கலையின் முதற்பாடம்.

இரண்டாவது பாடம், காமிராவின் ஒளிமீட்டரை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது. மீட்டருக்கு எதிரே இருப்பது கரியா, சுண்ணாம்பா என்று தெரியாது. எல்லாக் காட்சியும் நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று எண்ணிக்கொண்டே அது ஒளியைக் கணக்கிடுகிறது. ஆகவே பளபளக்கும் மணலும் நீரும் படத்தை நிறைக்கும்போது, ஒளி மிகுந்துவிட்டதென்று நினைத்து அளவைக் குறைத்துவிடும். வெண்மணல் மங்கலாகவும், மனிதர் முகம் இருட்டாகவும் விழுவது இதனால்தான். இத்தகைய இடங்களில் மீட்டர் சொல்வதைப்போல் ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ ஒளியை அனுமதியுங்கள். கைபேசியானால் திரையில் முகத்தைத் தொட்டால் போதும். அது முகத்துக்கேற்றபடி கணக்கை மாற்றிக்கொள்ளும்.

மூன்றாவது பாடம் வேகம். ஆழமில்லாத இடத்தில் ஒருவர் வீச்சு வலையை எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலையின் விளிம்பு வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் விரிகிறது. காமிராவின் ஷட்டர் வினாடியில் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் விளிம்பு 8 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். படத்தில் வலை புகைபோல் தெரியும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்தால் நகர்வது அரை சென்டிமீட்டர்தான். வலையின் ஈயக் குண்டுகள்கூடத் தனித்தனியே தெரியும். நம் கண்ணால் பிடிக்க முடியாத கணத்தைக் காமிரா பிடித்துத் தருகிறது.

முற்பகல்: பறவையை எவ்வளவு நெருங்கலாம்?

வெயில் சற்று ஏறியதும் பாலத்தின் பக்கம் திரும்பி, கழியை நோக்குவோம். இப்போது சூரியன் நமக்குப் பின்னால். கழியின் மேற்குக் கரையிலுள்ள அண்ணாமலைச்சேரி போன்ற ஊர்களில் நிற்பவருக்கு இதே நேரத்தில் சூரியன் எதிரே கண்ணைக் கூசும். அவருக்குப் பிற்பகலே ஏற்றது. ஒரே நீர்ப்பரப்புத்தான், நிற்கும் கரையைப் பொறுத்து வேளை மாறுகிறது.

கூழைக்கடா, கொக்கு, ஆலா, உள்ளான் என்று பறவைகள் பல இங்கு வருகின்றன. அவற்றுள் பூநாரைகளே எல்லாருடைய கண்ணையும் முதலில் கவரும். இவை கட்ச் வளைகுடாப் பக்கத்து ரண் பகுதியில் கூட்டமாக இனப்பெருக்கம் செய்யும் இனம். நீண்ட கால்களால் சேற்று நீரில் நடந்து, தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாக நீரில் வைத்து உணவை வடிகட்டி உண்ணும். அலகின் ஓரத்தில் சல்லடை போன்ற அமைப்பு இருக்கிறது. உணவாகக் கிடைக்கும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள கரோட்டினாய்டு என்ற நிறப்பொருளே இதன் இறகுக்கு ரோஜா நிறம் தருகிறது. பழவேற்காட்டின் ஆழமில்லாத நீர் இப்பறவைக்கு விரித்து வைத்த பந்தி போன்றது.

ஆனால் படம் எடுத்துப் பார்த்தால் பறவை ஒரு புள்ளியாகத்தான் தெரிகிறது! ஏன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பறவையின் உயரம் 1.2 மீட்டர், அது நிற்பது 200 மீட்டர் தொலைவில். 50 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள லென்ஸில் அதன் பிம்பம் 0.3 மில்லிமீட்டர் உயரமே விழும். 400 மில்லிமீட்டர் லென்ஸில் 2.4 மில்லிமீட்டர் விழும். குவியத்தூரம் எட்டு மடங்கானால் பிம்பமும் எட்டு மடங்காகிறது. தொலைவு பாதியானாலும் பிம்பம் இரு மடங்காகும் என்பது உண்மையே. எனவே பலரும் செய்வது, பறவையை நோக்கி நடப்பது.

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு பறவை தலையை உயர்த்தி நம்மைப் பார்த்தால், அது மேய்வதை நிறுத்திவிட்டது என்று பொருள். இன்னும் நெருங்கினால் கூட்டமே எழுந்து பறக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க வேண்டிய வலசைப் பறவைகளுக்கு உடலில் சேரும் கொழுப்பே எரிபொருள். நாம் ஒரு படத்துக்காக விரட்டும்போது அந்த எரிபொருளை வீணாக்குகிறோம். தலை உயர்ந்ததும் நின்றுவிடுங்கள். அதுவே எல்லைக் கோடு.

சிறிய பிம்பமும் பயனற்றதன்று. கூட்டத்தை அகலமாக எடுத்து, வீட்டில் பெரிதாக்கிச் சதுரக் கட்டங்கள் வரைந்து பறவைகளை எண்ணலாம். பறவை ஆய்வாளர்கள் செய்வதும் இதைத்தான். சென்னையில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில்தான் காட்டு விலங்குகளைப் படமெடுத்தார். வெவ்வேறு பாகங்களை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்த காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். கருவியின் விலையை விடப் பொறுமையே அவருக்குப் பெரிய மூலதனம்.

நீரின் மேலே கண்ணாடி, கீழே சேறு

கழியின் ஓரத்தில் இறங்கி நீருக்குள் பார்க்க முயன்றால் வானந்தான் தெரிகிறது. நீரின் மேற்பரப்பு கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பியனுப்புகிறது. இப்படித் தெறிக்கும் ஒளிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சாதாரண ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்வது. நீரில் ஒரு குறிப்பிட்ட சாய்வில் பட்டுத் தெறித்த ஒளியோ பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வது. நீருக்கு அந்தச் சாய்வு செங்குத்திலிருந்து ஏறக்குறைய 53 பாகை. லென்ஸின் முன்னே போலராய்டு வடிகட்டி ஒன்றை வைத்து மெல்லத் திருப்பினால், ஒரு நிலையில் அந்தத் தெறிப்பொளி மறைந்து நீரின் உட்புறம் தெரியும். போலராய்டு கறுப்புக் கண்ணாடி இருந்தாலும் போதும்.

இந்த உத்தியைக் கையாண்டு ஒரு பெரிய உண்மையைக் கண்டவர் நம் சர் சி.வி. ராமன். 1921இல் கப்பலில் சென்றபோது, நிக்கல் பட்டகம் என்ற கருவியால் கடற்பரப்பின் தெறிப்பொளியை நீக்கிப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. முன்னிலும் ஆழ்ந்த நீலமாக! வானத்தின் பிரதிபலிப்பால் மட்டுமே கடல் நீலமாகத் தெரிகிறது என்ற கருத்து அத்துடன் சரிந்தது. ஒரு சிறு வடிகட்டியும் கூர்ந்த பார்வையும் செய்த வேலை அது.

ஆனால் பழவேற்காட்டில் பல இடங்களில் வடிகட்டி வைத்தாலும் பயனில்லை. நீர் சேறு கலங்கியது. ஒளி சிறிது ஆழத்துக்குமேல் இறங்காது. அங்கேதான் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ள ஓலைக் கூடை ஒன்றைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். இரு கையும் சேற்றில் இருக்க வேண்டுமல்லவா? மணிக்கணக்கில் இந்த வேலை. கண்ணும் காமிராவும் காண முடியாததை அவர்களுடைய விரல்கள் காண்கின்றன.

அவர்களைப் படமெடுக்க உங்கள் கை பரபரக்கும். முதலில் கேளுங்கள். "அம்மா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. வேண்டாம் என்றால் காமிராவைக் கீழே இறக்குங்கள். சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், தென்னிந்தியச் சமூகத்தார் பலருடைய மூக்கையும் மண்டையையும் அளந்தார், படங்களும் எடுத்தார். அப்படங்களில் உள்ளவர்களில் பலருக்குப் பெயரே இல்லை. சாதியின் மாதிரி என்ற அளவில் நிற்கிறார்கள். நம் காமிரா அந்த வழியில் போக வேண்டாம். எடுத்த படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்த முறை உங்களுக்கு நல்ல வரவேற்பு இருக்கும்.

உச்சிவேளை: கல் பேசும் நேரம்

உச்சி வெயிலில் தொலைவுக் காட்சிகளை எடுப்பது வீண். சுடுமணலுக்கு மேலே சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து எழும். ஒளி அவற்றினூடே வளைந்து நெளிந்து வரும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் இந்தக் கானல் நெளிவைத் திருத்தாது. இந்நேரத்தில் ஊருக்குள் போவோம்.

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக 1690 வரை பழவேற்காடே விளங்கியது. இன்று கோட்டை புதர் மண்டிய மேடு. ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. வாயிலில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்கள் நம்மை வரவேற்கின்றன!

கல்லறைப் பலகைகளின் எழுத்துகளை உச்சிவேளையில் எடுத்தால் மங்கலாக விழும். நேர்மேலிருந்து வரும் ஒளி, கிடையாகக் கிடக்கும் பலகையின் பள்ளத்துக்குள்ளும் மேட்டின்மீதும் ஒரே சீராக விழுவதால் நிழலே இல்லை. மாலையில் சூரியன் சாய்ந்ததும் அதே பலகையைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நிழல் விழுந்து, தேய்ந்த எழுத்தும் படிக்கக் கிடைக்கும். கல்வெட்டு ஆய்வாளர்கள் இருட்டில் ஒரு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுப்பது இதே தத்துவப்படிதான். நீங்களும் ஒரு கைவிளக்கால் செய்து பார்க்கலாம்.

பிற்பகல்: வாசல் மூடினால்?

இனி நம் நாளின் முக்கியமான வேலைக்கு வருவோம். மீண்டும் பாலத்தைக் கடந்து, லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து கரையோரமாக வடக்கே நடந்தால் முகத்துவாரம். பார்ப்பதற்கு இரு மணல்மேடுகளுக்கு நடுவே ஓடும் நீர், அவ்வளவுதான். ஆனால் பழவேற்காட்டின் உயிர்நாடி இதுவே.

இறாலின் வாழ்க்கையைப் பாருங்கள். தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. பொடிக்குஞ்சுகள் அலையோடு முகத்துவாரத்தின் வழியே கழிக்குள் வந்து, ஆழமில்லாத நீரில் உண்டு வளர்கின்றன. சில மாதங்களில் பெரிதாகி, நீர் வடியும் நேரத்தில் மறுபடி கடலை நோக்கிப் போகின்றன. மடவையும் கொடுவாவும்கூடக் கடலுக்கும் கழிக்கும் போய்வருபவையே. வாசல் அடைத்தால் இந்தப் போக்குவரத்து நின்றுவிடும். கழியிலிருந்து படகுகள் கடலுக்குப் போகவும் முடியாது.

இங்கே பட்டினவர் சமூக மீனவர்களிடம் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வலுத்தவன் நல்ல இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு இது. அந்தப் பாட்டு இடங்கள் முகத்துவாரத்தை அடுத்த தென்பகுதியில் உள்ளன. வாசல் குறுகினால் பங்கிடுவதற்கே ஒன்றும் இராது.

வாசல் ஏன் அடைபடுகிறது? அலைகள் கரையில் நேராக மோதுவதில்லை, சாய்வாக மோதுகின்றன. ஆகவே மணல் ஓர் ஆறுபோலக் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நம் கீழைக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி இது தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது திசை மாறுகிறது. மழைக்கால வெள்ளம் முகத்துவாரத்து மணலைத் தள்ளி வாசலை அகலமாக்கும். வெள்ளம் ஓய்ந்ததும் அலை மணலைக் கொண்டுவந்து மீண்டும் குவிக்கும்.

மணலின் இந்தப் பயணத்தில் மனிதன் குறுக்கிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் கட்டியதும், வடக்கே போகும் மணல் தெற்குப் பக்கத்தில் தேங்கி மெரினா அகலமாயிற்று; மணல் கிடைக்காத ராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. பின்னர் எண்ணூரில் 2001 முதலும், காட்டுப்பள்ளியில் சுமார் பத்தாண்டுகளுக்குப் பின்னரும் துறைமுகங்கள் இயங்கத் தொடங்கின. கரை எங்கே அரிக்கிறது, எங்கே சேர்கிறது என்பது வடக்கே உள்ள குப்பத்து மக்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினை. முகத்துவாரம் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வழி செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை.

படத்தைச் சான்றாக்கும் வழி

"போன வருஷம் இவ்வளவு குறுகலாக இல்லை" என்று மீனவர் சொல்கிறார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் "எவ்வளவு?" என்று கேட்டால் என்ன விடை சொல்வது? இங்கேதான் உங்கள் காமிரா உதவும். இதற்கு நான்கு விதிகள்:

ஒன்று, இடம். நகராத பொருள் ஒன்றின் அருகே, எப்போதும் அதே இடத்தில் அதே உயரத்தில் நின்று எடுங்கள். மணல்மேடு அடையாளம் ஆகாது, அதுவே நகர்வது.

இரண்டு, திசை. பின்னணியில் கலங்கரை விளக்கம் போன்ற நிலையான ஒன்று படத்தின் அதே மூலையில் விழுமாறு பாருங்கள்.

மூன்று, காலம். இங்கே கடிகாரம் மட்டும் போதாது. சென்னைக் கரையில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் அதிக அளவாக ஒரு மீட்டர் அளவு வேறுபாடு உண்டு. வற்றத்தில் எடுத்த படத்தில் வாசல் குறுகலாகவே தெரியும். ஏற்றம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக வரும். சந்திரனே இதற்குக் காரணம். ஆகவே ஒவ்வொரு பௌர்ணமியன்றும் ஒரே மணிக்கு எடுங்கள். கடல்மட்டம் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். நம் முன்னோர் திதி பார்த்துக் கடலுக்குப் போனதில் அறிவியல் இருக்கிறது.

நான்கு, அளவு. இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வீட்டருகே 1.5 மீட்டர் கழி ஒன்றை நட்டு, சரியாக 15 மீட்டர் தள்ளி நின்று படமெடுங்கள். கணினியில் அப்படத்தைத் திறந்து, கழி எத்தனை படப்புள்ளி உயரம் என்று எண்ணுங்கள். 300 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். 300ஐ 15ஆல் பெருக்கி 1.5ஆல் வகுத்தால் 3,000. இதுவே உங்கள் காமிராவின் எண். ஜூம் செய்யாத வரையில் மாறாது. இப்போது முகத்துவாரத்தின் எதிர்க்கரையில் 1.65 மீட்டர் உயரமுள்ள ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார். படத்தில் அவர் 33 புள்ளி உயரம். 3,000ஐ 1.65ஆல் பெருக்கி 33ஆல் வகுத்தால் 150. அதாவது நீங்கள் நிற்கும் இடத்துக்கும் அவருக்கும் இடைவெளி 150 மீட்டர். சில மாதங்கள் கழித்து அதே ஆள் எதிர்க்கரை ஓரத்தில் நிற்கும்போது 45 புள்ளி உயரம் தெரிந்தால், இடைவெளி 110 மீட்டர். வாசல் 40 மீட்டர் குறைந்துவிட்டது என்று இப்போது உறுதியாகச் சொல்லலாம். புள்ளிகளை எண்ணுவதில் ஒன்று பிசகினால் விடையில் நான்கைந்து மீட்டர் பிசகும். எனவே மூன்று படங்கள் எடுத்துச் சராசரி காணுங்கள். எட்டாம் வகுப்பு மாணவருக்குத் தெரிந்த வடிவொத்த முக்கோணங்கள்தாம் இந்தக் கணக்கின் அடிப்படை.

வானத்துக் காமிராவும் நம் காமிராவும்

"செயற்கைக்கோள்தான் படமெடுக்கிறதே, நாம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முகத்துவாரத்தின் வடகரை போய்ச் சேரும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் முதல் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 1983 ஏப்ரல் 17இல் அங்கிருந்து சென்ற மற்றொரு ரோகிணியில் ஒரு காமிரா இருந்தது. அது 2,500க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. 2005இல் சென்ற கார்ட்டோசாட்-1, தரையில் 2.5 மீட்டர் அளவுள்ளதையும் பிரித்துக் காட்ட வல்லதாக இருந்தது. கழியும் முகத்துவாரமும் பல ஆண்டுகளில் எப்படி மாறின என்பதை வானத்திலிருந்து காண்பது போல் தரையிலிருந்து காண முடியாது.

ஆயினும் வானத்துக் காமிராவுக்கும் குறைகள் உண்டு. மேகம் கவிந்தால் சாதாரணக் காமிராவால் ஒன்றும் காண இயலாது. முகத்துவாரம் பெரிதும் மாறுவதோ மேகம் கவியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை! மேலும், ஒரு செயற்கைக்கோள் ஓரிடத்துக்கு மேலே குறித்த நாளில்தான் வரும். கரையில் இருப்பவரோ அடைமழை விட்ட அன்று மாலையே போய் எடுக்கலாம். வானத்திலிருந்து பார்த்தால் வாசல் குறுகியது தெரியும். மணல் தட்டி நிற்கும் படகும், அதைத் தள்ளும் எட்டுப் பேரும் தெரிவார்களா? இரண்டு பார்வைகளும் சேர்ந்தால்தான் செய்தி முழுமை பெறும்.

மாலை: காமிராவுக்கும் ஒரு குறிப்பேட்டுக்கும்

பொழுது சாய்கிறது. கழியின் மேற்கே சூரியன் இறங்கும் படத்தை ஆசை தீர எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தவறொன்றுமில்லை. பிறகு இரண்டு வேலைகள் உண்டு.

கடற்காற்றில் நுண்ணிய உப்புத் துளிகள் கலந்துள்ளன. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், உலோகத்தை அரிக்கும். லென்ஸை உடனே துணியால் தேய்க்காதீர்கள். ஒட்டியுள்ள மணல் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் மணலை ஊதி நீக்குங்கள். பின்னர், சற்றே ஈரமாக்கிய மெல்லிய துணியால் காமிராவின் உடலைத் துடைத்து உலரவிடுங்கள். காமிராவை வைக்கும் பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். இல்லாவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸின் உள்ளே பூஞ்சணம் படரும்.

இரண்டாவது வேலை எழுதுவது. ஒவ்வொரு படத்துக்கும் நாள், மணி, நின்ற இடம், நோக்கிய திசை, காற்று, கடலின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றை நாலணா நோட்டுப் போன்ற ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். கைபேசி தேதியையும் இடத்தையும் தானே பதித்துவிடும் என்பீர்கள். படத்தைப் பிறருக்கு அனுப்பும்போது அந்தப் பதிவு பல வேளைகளில் நீங்கிவிடுகிறது. மையால் எழுதியது அப்படியே இருக்கும். அருகில் நின்ற பெரியவர் சொன்ன செய்தியையும் எழுதுங்கள். அது எந்தக் காமிராவிலும் பதியாது.

பழவேற்காட்டுக்கு அருகே பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன; கைபேசி இல்லாத வீடு குறைவு. பௌர்ணமிக்கு ஒரு படம் என்று ஒரு வகுப்பு மாணவர்கள் எடுத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ படங்கள் சேரும். பழைய சுருள் ஒன்றின் அளவுதான்! ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தால், முகத்துவாரம் எந்த மாதத்தில் குறுகுகிறது, எவ்வளவு குறுகுகிறது, எந்த மழைக்குப் பின் விரிகிறது என்பதற்கு ஊரின் கையிலேயே ஒரு பதிவேடு இருக்கும். கிராம சபையில் வைக்கலாம், மீன்வளத் துறையிடம் காட்டலாம், ஆய்வாளர்களுக்கும் கொடுக்கலாம். உங்கள் ஊர் பழவேற்காடாக இல்லாவிட்டால் என்ன? உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ, ஆற்று மணலோ, குளக்கரையோ மாறிக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த பௌர்ணமி என்றைக்கு என்று காலண்டரில் பாருங்கள். முதல் படத்தை அன்று எடுங்கள்.